தெரிஞ்சவர்

நாமக்கல் வரி அலுவலகத்தில் லாரித் தொழிலுக்கு வரிப் பதிவு எண் வாங்கப் போன கோகிலவாணியைக் கவுன்ட்டர் அதிகாரி ஏறிட்டும் பார்க்கவில்லை.

“உங்க அண்ணன் நவநீதனோட எண்ணை ரத்து பண்ணியாச்சு. அவர் உறவா இருக்கற வரைக்கும் உங்களுக்குத் தர முடியாது. உறவை நீக்கிக்கறீங்களா?”

“கூடப் பொறந்தவனை எப்படிங்க நீக்கறது?”

“கட்டைவிரலை வைச்சா நீங்கிரும். இல்லைன்னா நகருங்க, பின்னால ஆள் நிக்குது.”

எண் இல்லாத லாரிக்கு டீசலும் கிடையாது, சரக்கும் கிடையாது. அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனே நவநீதன்தான். அதிகாரியின் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. கம்ப்யூட்டரில்தானே நீங்குகிறான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு விரலை வைத்தாள்.

வெளியே வந்து லாரியைக் கிளப்பியதும், மரத்தடியில் காத்திருந்த நவநீதன் ஓடிவந்து படியில் ஏறி மறுபக்கக் கதவை இழுத்தான். திறக்கவில்லை. அவள் உள்ளிருந்து பொத்தானை அழுத்தியும் திறக்கவில்லை.

“உறவில்லாத ஆள் ஏற அனுமதி இல்லை,” என்றது லாரி, அவனுக்கும் கேட்கும்படி.

அவன் கண்ணாடியில் ஓங்கி அறைந்தான். “உள்ள போயி என்னடி பண்ணிட்டு வந்தே?”

“அந்நியர் தாக்குகிறார். போலீசுக்குச் சொல்லவா?”

“ஐயோ, வேண்டாம்! அது எங்க அண்ணன்.”

“உங்களுக்கு அண்ணன் இல்லை. தகவல் அனுப்பப்படுகிறது.”

“இரு, இரு! தெரிஞ்சவர்தான்,” என்று அலறினாள். “தெரிஞ்சவர்.”

லாரி அடங்கியது. நவநீதன் கைப்பிடியை விட்டுக் கீழே இறங்கினான்.

“வழி விட்டாச்சு,” என்றான். “போங்க மேடம்.”