எந்தக் குழாய்

"வயித்து வழியா போட்டுடு, நெவ்யானா."

மேசையில் படுத்திருந்த ராதுலோவ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நெவ்யானாவுக்குத் தன் காதுமேலேயே சந்தேகம் வந்தது. அவர்தான் அந்த அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர். மலக்குடலில் புற்றுநோய். தன் வயிற்றைத் திறக்க அவளைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

இந்த அறுவைக்குப் பிறகு சில நாட்கள் சிறுநீர் தானாகப் பிரியாது. குழாய் வேண்டும். சிறுநீர்த் துவாரம் வழியாகச் செருகிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். அடிவயிற்றில் சின்னத் துளையிட்டு நேரே சிறுநீர்ப்பைக்குள்ளும் விடலாம். அதற்குக் கொஞ்சம் நின்று தைக்க வேண்டும்.

முதல் வழியில் எரிச்சல், காய்ச்சல். எடுத்த பிறகு சிறுநீர் வராவிட்டால் மறுபடி அதே புண்ணில் செருக வேண்டும். இரண்டாவதில் குழாயை மூடி வைத்து, தானாகப் பிரிகிறதா என்று பார்த்தால் போதும்; பிரியாவிட்டால் மறுபடி திறந்துவிடலாம்.

ராதுலோவின் வார்டில் எல்லோருக்கும் முதல் வழிதான்.

காலைக் கூட்டத்தில் அவள் இரண்டாவதைப் பற்றி வாயெடுத்தாலே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். "மனுஷன் வயிறு என்ன ராக்கியா சாராயப் பீப்பாயா, குழாய் திருகி வைக்க?"

மற்றவர்களும் சிரிப்பார்கள். வார்டில் ஆண்கள் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். எங்கே வலிக்கிறது என்று கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லக் கூசுவார்கள்.

"இதுல உங்களுக்கு எப்ப இருந்து நம்பிக்கை, புரொபசர்?" நினைத்ததைவிடக் கூர்மையாகவே கேட்டுவிட்டாள்.

"எப்பவுமேதான்." மருந்து ஏறி அவர் நாக்கு தடித்துக்கொண்டிருந்தது. "என் பொண்டாட்டிக்கு சோபியாவுல ஆபரேஷன் பண்ணாங்கல்ல, அப்பவே சொல்லி இதைத்தான் போட வெச்சேன். ஒரு நாள்கூட முனகல."

"எந்த வருஷம் அது?"

"டான்யூப்ல வெள்ளம் வந்து படகுத்துறை போச்சே... அந்த வருஷம்."

கண்கள் செருகிக்கொண்டன.

கட்டியை எடுத்தாள். குடலை இணைத்தாள். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

நர்ஸ் மின்கா இரண்டு குழாய்களையும் தட்டில் வைத்து நீட்டினாள். அவர் கேட்டதை அவளும் கேட்டிருந்தாள்.

"நம்ம வார்டு வழக்கப்படியே போட்டுடலாமே, டாக்டர். முழிச்சுக் கேட்டா, வயித்துல இடம் தோதா இல்லைன்னு சொல்லிக்கலாம்."

நெவ்யானாவின் கை முதல் குழாயின் மேல் போய் நின்றது. மயக்க மருந்துக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு இரண்டாவதை எடுத்தாள். அடிவயிற்றில் துளையிட்டு வைத்தாள். நிதானமாகத் தைத்தாள். தையல் அழகாக விழுந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெளியே வந்தவள் கை கழுவும் தொட்டிமுன் நின்றாள். கழுவி முடித்தும் தண்ணீர்க் குழாயை மூடத் தோன்றவில்லை.

வெள்ளத்துக்கு அடுத்த வசந்தத்தில் அதே மேசையில் அவளுடைய அப்பா படுத்திருந்தார். குழாயை எடுப்பதும் மறுபடி செருகுவதுமாக இருந்து, கிருமி ரத்தத்தில் கலந்து, செர்ரி பழுக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார்.

அறுவைக்கு முன்பே அவள் ராதுலோவின் அறைக்குப் போய், அப்பாவுக்கு மட்டுமாவது வயிற்று வழியாகப் போடுங்கள் என்று கெஞ்சியிருந்தாள். அவர் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார்.

"இங்க எல்லாரும் ஒண்ணுதாம்மா. டாக்டரோட அப்பாங்கறதுக்காகத் தனிச் சலுகை கிடையாது."

எவ்வளவு நேர்மையான மனிதர் என்று நினைத்துத்தான், அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த பிறகும் அவள் அவரிடமே வேலைக்குத் திரும்பினாள்.