முருங்கை இலை வழக்கு

"எப்படியாவது அனுமதி எடுத்துக் குடுங்க மிஸ். ஜமால்தீன் காக்கா பாவம்."

லோயர் பத்மாசனியிட்ட கெஞ்சினது வழக்கு வைக்க வந்த ஜமால்தீன் இல்ல. அவருக்குக் குடை பிடிச்சு, பைலையும் காவிக்கொண்டு தோப்பூரில இருந்து கூட வந்த மனிசன்.

பத்மாசனி பைலைப் பிரட்டினா. பழைய லோயர் அவவிட தலையில கட்டிப்போட்டுத் தப்பின பைல் அது.

"ஜமால்தீன் நானா, பக்கத்து வீட்டு ஜவ்பர்ட சேவல் கூவுதெண்டு ஒரு வழக்கு. கருவாடு பொரிச்ச மணத்துக்கு ஒரு வழக்கு. எல்லாம் தள்ளுபடி. இனி கோட்டிட அனுமதி இல்லாம ஒரு வழக்கும் வைக்க ஏலாதெண்டு ஜட்ஜ் சொன்னவர்தானே?"

"ஓம் மிஸ். ஆனா இப்ப எதிராளிட முருங்கை இலை என்ட கிணத்துக்க விழுது."

"அதைப் போய் அவரோட கதைக்கலாமே?"

"கதைக்காம? பின்னேரம் அசர் தொழுதிட்டு அங்க போனா ராவு இஷா வரைக்கும் அவர்ட சாய்மனைக் கதிரையில சாஞ்சு இருந்து நியாயம் சொல்றன். தேத்தண்ணியும் வரும். வழக்கு நடந்தா மட்டும் எதிராளிட வாசலை மிதிக்க மாட்டன். கோட்டுக்கு ஒரு மரியாதை இருக்கு."

கூட வந்தவர் பெருமூச்சு விட்டார்.

டவுனில மாடு மாதிரித் திரியிற மான் ஒண்டு வாசலுக்கு வந்து, சாத்தி வைச்ச குடையைக் கடிச்சுப் பாத்துது. ஜமால்தீன் அதை முறைச்சுப் பாத்தார்.

"அந்த மானில வழக்கு வைக்கவும் அனுமதி வேணும் நானா," எண்டா பத்மாசனி.

பிறகு பைலை மூடினா. "அனுமதி கேட்டாலும் கிடைக்காது. ஜவ்பர் வந்து இந்த மனிசன்ட கரைச்சல் தாங்க ஏலாதெண்டு ஒரு சொல் சொன்னா, அதோட சரி."

கூட வந்தவர் அவசரப்பட்டு எழும்பினார். "சொல்ல மாட்டார் மிஸ். ஆட்சேபணை இல்லையெண்டு எழுதுங்க, இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

"நீங்க வைச்சு என்ன செய்ய? அது ஜவ்பரெல்லோ வைக்கோணும்."

"நான்தான் மிஸ் ஜவ்பர். எனக்கு என்ட கதிரை திரும்ப வேணும்."