ஆள் இல்லாத இடம்

தரையில் எந்தச் சதுரம் ஒளிர்கிறதோ, அதில் பந்தை அடிக்க வேண்டும். பத்துக்கு எட்டு விழுந்தால்தான் இந்திய வாலிபால் முகாமுக்குள் போக முடியும். மெர்லினுக்கு மூன்றாவது வருடமும் நான்குதான் விழுந்தது. மாநிலப் போட்டிகளில் அவளுடைய ஸ்மாஷை எடுக்க ஆளே கிடையாது. இந்தச் சோதனைக் கூடத்துக்குள் வந்தால் மட்டும் கை குழம்பிவிடுகிறது.

"என்னம்மா, வெளிச்சம் கண்ணுக்குத் தெரியலையா?" என்றார், பந்தைத் தூக்கிக் கொடுத்து மதிப்பெண்ணும் போடும் கருவியை இயக்கும் நசீர்.

"தெரியுது சார். ஆனா அந்தப் பக்கம் ஒருத்தருமே இல்லையே. எதிர்ல நிக்கிறவங்க எந்தக் கால்ல பாரம் போட்டிருக்காங்கன்னு பார்த்தாத்தான் எனக்கு அடிக்கவே வரும்."

நசீருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் சதுரங்களை அணைத்துவிட்டு, டீ கொண்டுவந்த கேன்டீன் சரோஜாவையும், சோதனையில் தேறாமல் வெளியே உட்கார்ந்திருந்த ஐந்து பெண்களையும் வலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

கருவி பத்துப் பந்துகளைத் தூக்கிக் கொடுத்தது. அந்தப் பெண்கள் விழுந்து புரண்டும் மெர்லின் அடித்ததில் ஒன்றைக்கூட அவர்களால் தொட முடியவில்லை.

"இலக்கு குறிப்பிடப்படவில்லை," என்றது கருவி. "இலக்கு எது?"

நசீர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆள் இல்லாத இடம்."

கருவி பத்துப் பந்துகளும் விழுந்த இடங்களைச் சரிபார்த்தது. பிறகு பலகையில் பத்துக்குப் பத்து என்று வந்தது.

அடுத்த பெண் உள்ளே வந்தபோது தரையில் எந்தச் சதுரமும் ஒளிரவில்லை.

"எதிரே நிற்க ஆறு பேர் வேண்டும்," என்றது கருவி.

மெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள், "டீ ஆறினா ஆறட்டும்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரோஜா மறுபடியும் போய் நின்றுவிட்டாள்.