ஒரு குடம் வழக்கம்

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை ரெண்டும் மாவு. வெளியே கருப்பம்மா அக்காவின் சத்தம்.

“ஏய் நிரஞ்சலா, வந்து பாருடி! சதீஸ்குமாரு இன்னிக்கும் வெள்ளைக்காரங்களக் கூட்டிட்டு வந்துட்டான்!”

ஞாயிற்றுக்கிழமை. வரிசை வீட்டு லயமே வாசலில் நின்றது. நான் மட்டும் கதவுக்குப் பின்னால். பழகாத ஆட்களிடம் எனக்குப் பேச வராது.

சதீஸ்குமார் எங்கள் லயத்து ஆள்தான். தெமோதரை ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்து தேயிலைத் தோட்டம் காட்டுவது அவன் தொழில். இன்றைக்கு நாலு பேர். மூன்று பேர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். நாலாவது ஒரு பெண், கையில் நோட்டு.

“அந்த மிஸ்ஸு நம்ம பழக்கவழக்கத்தப் பத்திப் புத்தகம் எழுதுறாங்களாம்டி. நம்மகிட்ட என்ன இருக்கு எழுத? காலையில பேரு குடுக்கிற பெரட்டுக்கு லேட்டாப் போனா கங்காணி ஏசுறதயா?” என்றார் கருப்பம்மா அக்கா.

கீழே பீலியில் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் நின்று சதீஸ்குமார் இங்கிலீஷில் விளக்கினான். இங்கே யாருக்கும் புரியாது என்று அவனுக்கு நினைப்பு. கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ரெண்டு வருஷம் பிள்ளை பார்த்தவள் நான். பேசத்தான் கூச்சம். காதில் விழுவது எல்லாம் புரியும்.

அவன் சொன்னது இதுதான்: “இது இந்த மக்களோட இருநூறு வருஷத்து வழக்கம். லயத்துக்கு வர்ற விருந்தாளி ஒரு குடம் தண்ணி பிடிச்சு, மேட்டு வீட்டுல கொண்டுபோய் ஊத்தணும். அப்புறந்தான் போட்டோ எடுக்கலாம்.”

எனக்குத் திக்கென்றது. அப்படி ஒரு வழக்கத்தை நான் காதாலும் கேட்டதில்லை!

நாலு பேரும் சந்தோஷமாகக் குடத்தைத் தூக்கினார்கள். தாடிக்காரர் ஒருவர் தலையில் வைத்தார். பாதித் தண்ணீர் சட்டைக்குள் போனது.

“இடுப்புல வைங்க தொரை, இடுப்புல!” என்று கருப்பம்மா அக்கா கத்த, லயமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேட்டு வீடு வேலாயி அக்காவின் வீடு. கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து, காலில் பெரிய கட்டு. தனி ஆள். மண் சரிந்ததில் மேட்டுக்குப் போகும் குழாயும் உடைந்து கிடக்கிறது. போன வாரம் நான் ஒரு குடம் கொண்டுபோனேன். “எனக்கென்ன கை இல்லியா? தூக்கிட்டுப் போடி” என்று வாசலிலேயே திருப்பிவிட்டார். நொண்டி நொண்டி, சின்னச் செம்பில் அவரே தண்ணீர் சுமக்கிறார்.

அந்தக் கோலத்தையா வெள்ளைக்காரர்களுக்கு வேடிக்கை காட்டுவது? அந்த மிஸ் வேறு இந்தப் பொய்யை நோட்டில் எழுதிக்கொள்கிறார். நாளைக்கு என் மகள் அதைப் படித்து, நம்ம வழக்கம் என்று நம்ப மாட்டாளா?

கையைக் கழுவிக்கொண்டு குறுக்குப் படியில் ஏறினேன். மேட்டு வீட்டு வாசலில் சதீஸ்குமாரை மறித்தேன்.

“ஏன் தம்பி, நம்ம பேருல இப்படிப் பொய் சொல்ற?”

அவன் முகம் வெளுத்தது. “அக்கா... ஒங்களுக்கு இங்கிலீசு தெரியுமா? மெதுவாப் பேசுங்க!”

“என்ன மெதுவா? வேலாயி அக்காகிட்டயே சொல்றேன் இரு.”

“ஐயோ, கும்பிடுறேன்க்கா! அவங்ககிட்ட மட்டும் வேணாம்!”

நான் உள்ளே போய்விட்டேன். வேலாயி அக்கா கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தாடிக்காரரும் மற்றவர்களும் ட்ரம்மில் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே போனார்கள். மிஸ் மட்டும் வாசல்படியில் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

நான் வாயெடுக்கும் முன்னே அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பாவம்டி இதுங்க. அவங்க நாட்டு வழக்கமாம். போற ஊருல ஒரு வீட்டுக்காச்சும் தண்ணி சொமந்து ஊத்தாட்டி, குடும்பத்துக்கு ஆகாதாம். சதீஸு வந்து கெஞ்சுனான். நான் யாரு ஒதவியும் வாங்காதவ, ஒனக்கே தெரியும். ஆனா அடுத்தவங்க வேண்டுதலத் தடுக்கலாமா, சொல்லு?”

நான் சதீஸ்குமாரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கூரைத் தகரத்தைப் பார்த்தான்.

அதற்குள் மிஸ் என்னிடம் வந்துவிட்டார். இங்கிலீஷில் கேட்டார்: “நீங்க சொல்லுங்க. இது உங்க வழக்கம்தானா?”

சதீஸ்குமார் அதை எனக்குத் தமிழில் மாற்றிச் சொல்ல வந்தான். என்ன தைரியமோ, அவனை முந்திக்கொண்டு எனக்கே இங்கிலீஷ் வந்துவிட்டது.

“ஆமா மிஸ். ரொம்பப் பழைய வழக்கம். ஆனா தம்பி ஒண்ணத் தப்பாச் சொல்லிருச்சு. ஒரு ஆளுக்கு ஒரு குடம் இல்ல, ரெண்டு குடம்.”

மிஸ் என்னைப் பார்த்தார். அக்காவின் காலைப் பார்த்தார். இன்னும் நிறையாத ட்ரம்மைப் பார்த்தார். எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, நோட்டைப் பைக்குள் வைத்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மிஸ் காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலாயி அக்காவின் முன்னால் குனிந்தார். ஒவ்வொரு சொல்லாக, தமிழில் சொன்னார்.

“அம்மா... எங்க நாட்டுல... ரெண்டு குடம்.”

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போகிறார். நான் மலைத்துப்போய் நிற்கிறேன். இவருக்குத் தமிழ் தெரியுமென்றால், அக்கா சொன்னது முழுக்க இவர்... அதற்குள் கீழேயிருந்து கருப்பம்மா அக்காவின் சத்தம்.

“நிரஞ்சலா! மிஸ்ஸு பாசிப்படியில கால வைக்கிறாங்க, ஓடிப்போயி கையப் பிடிடி!”