துப்பாக்கிக் குழலில் அடைப்பு

அப்பாவின் பழைய ராணுவத் துப்பாக்கியைச் சுத்தம் செய்து, அவர் படத்துக்குக் கீழே மாட்ட வேண்டும் என்று தணிகைவேலுக்கு ஆசை. கும்மிடிப்பூண்டி பட்டறையிலிருந்து பித்தளைக் கம்பியும் எண்ணெயும் கொண்டுவந்திருந்தான்.

"அத்த இன்னாத்துக்குடா நோண்டிக்கினு கீற? அடச்சது அடச்சபடியே கெடக்கட்டும்" என்றாள் அம்மா கெங்கம்மாள்.

"ஆயுத பூஜைக்கு மொதல் பொட்டு இதுக்குத்தான வைக்கிற? அப்பா மேல அவ்ளோ லவ்வு!"

அவள் சிரிக்கவில்லை.

கம்பியைக் குழலுக்குள் விட்டுச் சுத்தியால் தட்டினான். துருவோடு ஒரு குண்டு தரையில் விழுந்தது.

"இன்னாம்மா இது? ஊட்ல ஒரு தபா கூட சுட்டதில்லன்னாரே அப்பா?"

"சுட்டாரு. மருந்து நமுத்துப்போயி, குண்டு பாதியிலயே சிக்கிக்கிச்சு."

"யாரச் சுட்டாரும்மா?"

"என்னத்தான். அப்போ நீ என் வவுத்துல இருந்த."