தேன்பாறைக்கு எட்டாவது ஏற்றம்

தேன்பாறைக்குப் போகும் பாதை எளிதா கடினமா என்பதைத் தேசியப் பூங்காவில் முடிவு செய்வது மரியபுஷ்பத்தின் மூச்சுதான். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இளைப்பு நோய்க்காரியான அவள், மூச்சை அளக்கக் கையில் கட்டிய பட்டை சிவக்காமல் உச்சியைத் தொட்டால் அடிவார வாசல் எல்லாருக்கும் திறக்கும். சிவந்தால் இளவட்டங்களை மட்டும்தான் உள்ளே விடும். ஏழு முறை சிவந்துவிட்டது. இன்று கடைசி வாய்ப்பு.

அந்த ஏழு முறையும் பரீட்சை எழுதப் போகிறவள் போல வாயை இறுக மூடிக்கொண்டுதான் ஏறினாள். இன்று கூட வந்த வனக்காவலர் சேசுராசு, "ஒங்க சம்பந்தி வீட்டுச் சண்டை என்னாச்சுக்கா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

அவ்வளவுதான். தேயிலைக் காட்டில் முப்பது வருடம் கூடை சுமந்த பழக்கம் திரும்பி வந்துவிட்டது. அங்கே பெண்கள் பேசிக்கொண்டேதான் மேடேறுவார்கள். பேச்சுக்கு மூச்சு போதாத இடத்தில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். புஷ்பமும் பேசினாள், நின்றாள், மறுபடி பேசினாள். சோலை முடிந்தது, அருவி முடிந்தது, கல்யாண வீட்டில் பிரியாணி தீர்ந்துபோன கதை மட்டும் முடியவில்லை.

"அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க. இதுக்கு மேல ஏற மலை இல்ல."

பட்டை பச்சையாகவே இருந்தது. கீழே மேகத்துக்குள்ளிருந்து வாசல் திறக்கும் மணி கேட்டது.

இந்த மலையை இத்தனை காலமும் அண்ணாந்து மட்டுமே பார்த்த எஸ்டேட் பெண்கள்தான் முதலில் ஏறி வந்தார்கள். ஆள் தெரிவதற்கு முன்பே அவர்கள் பேச்சு உச்சிக்கு வந்துவிட்டது.