தலைப்பில் மட்டும் தப்பில்லை

"ஒரே பக்கத்துல நூத்தி நாற்பது தப்பா?" அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் பாதி எழுந்துவிட்டார். "எழுதினவன் தூக்கத்துல எழுதினானா?"

"எல்லா வகைத் தப்பும் இருக்கு சார். ஒண்ணு விடல," என்றாள் அவள். "தலைப்புல மட்டும்தான் தப்பு இல்ல."

"அப்ப தலைப்பை விடுங்க. அதை நாம பார்க்கவே வேண்டாம்."

அலுவலகத்தில் அவளுக்கு முற்றுப்புள்ளி மேடம் என்று பெயர். பத்தொன்பது வருடம் ஓர் அச்சகத்தில், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைப் பிழை திருத்தியவள். அங்கே ஆட்குறைப்பு நடந்ததும், ஆறு மாதத் தற்காலிக வேலையாக இந்தக் கணினி நிறுவனத்துக்கு வந்தாள். கணினியின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் டப்பா. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பேர் கூடி அதை எழுதுகிறார்கள். மகா புத்திசாலிகள்தான். ஆனால் விளக்கக் குறிப்பு எழுதச் சொன்னால் கமாவை உப்பு மாதிரி தூவுவார்கள், முற்றுப்புள்ளியை மறந்தே போவார்கள். அந்தக் குறிப்புகளைத் திருத்தி மெயிலில் அனுப்புவது அவள் வேலை. எங்கோ இருந்து கெர்னலைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் ஒருவர் பார்த்து, சரி என்றால் சேர்த்துக்கொள்வார். நிறுவனத்துக்கு நல்ல பெயர்.

ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. இதுவரை போனதெல்லாம் அங்கே ஒரு கமா, இங்கே ஒரு புள்ளி. பெரிதாக ஒன்றை ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேலாளர் முன்பே சொல்லிவிட்டார். வீட்டில் கணவர் முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார்.

"சார், அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை விஷயத்தைப் படிச்சுடுங்க. நான் விஷயத்தைப் படிக்கிறதில்ல."

"படிக்காமத்தான் நூத்தி நாற்பதைப் பிடிச்சீங்களாக்கும்?"

"அதான் சார் முறை. ஸ்கேலை வெச்சு மறைச்சுக்கிட்டு, கடைசி வரியிலிருந்து மேல மேல வருவேன். ஒவ்வொரு வார்த்தையா. அர்த்தம் புரிய ஆரம்பிச்சா கண்ணு தப்பைத் தாண்டிப் போயிடும். அச்சகத்துல எனக்குப் பக்கத்துல மருந்து தெரிஞ்சவர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். நான் புள்ளியைப் பார்ப்பேன், அவர் பொருளைப் பார்ப்பார். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் தாள் வெளிய போகும்."

கெர்னல்காரர்களிடமும் அந்த வழக்கம் உண்டு. திருத்தத்தை இன்னொருவர் படித்திருந்தால், 'முழுவதும் படித்துச் சரிபார்த்தவர்' என்று அவர் பெயரை மெயிலின் கீழே போடலாம். மேலாளருக்கு அந்த வரியின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்திருந்த ஏழெட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போனார். சரியாக நாலு நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"படிச்சாச்சு. வரிவரியா படிச்சாச்சு. சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப ஆழமான விஷயம். என் பேரைப் போட்டு அனுப்புங்க. பதவியையும் சேர்த்துப் போடுங்க."

"சார், அனுப்பிட்டா அழிக்க முடியாது. உலகத்துல யார் வேணா பார்க்கலாம்."

"பார்க்கட்டுமே. அதுக்குத்தானே போடச் சொல்றேன்."

அனுப்பிவிட்டாள். மதியம் கணவரிடமிருந்து போன் வந்தது.

"பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்லைங்க. மாத்திரை போட்டீங்களா?"

"எங்க போடறது? மருந்துப் பெட்டியில இருக்கிற இந்தத் தாள் நீ பார்த்ததுதானே? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? கண்ணாடி கைக்கு எட்டல."

"நான் பார்த்ததுதான். ஒரு புள்ளி தப்பிருக்காது. அதுல என்ன போட்டிருக்குன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

மூன்று மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு அவள் கதவருகிலேயே நின்றாள்.

"உட்காருங்கம்மா," என்றார். ஆறு மாதத்தில் அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓர் உறையை நீட்டினார். "நிரந்தர உத்தரவு. இன்னிக்கே தேதி போட்டிருக்கேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்க ஏத்துக்கிட்டாங்களா சார்?"

"அதை விடுங்க. நீங்க வேலையில அப்பழுக்கில்லாத ஆள். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரே ஒரு உதவி. தலைமை ஆபீஸ்ல யார் கேட்டாலும், நான் அதை நாலு நிமிஷத்துல படிச்சேன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க."

"நான் ஏன் சார் சொல்லப் போறேன்?"

"சரி, போய் மெயிலைப் பாருங்க. பார்த்துட்டுத் திரும்ப இங்க வராதீங்க."

உறையைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அவள் தன் இடத்துக்கு வந்து மெயிலைத் திறந்தாள். பழக்க தோஷம், கை தானாக ஸ்கேலைத் தேடியது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மேலிருந்து கீழே படித்தாள்.

'நூற்று நாற்பது திருத்தங்களும் மிகச் சரி. இப்படி ஒரு கூர்மையான கண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் சேர்த்துக்கொள்ள வழியில்லை. திருத்தியவரும், முழுவதும் படித்துச் சரிபார்த்த மேலாளரும், அந்தப் பக்கத்தின் தலைப்பை ஒருமுறை படிக்க வேண்டுகிறேன்.'

பக்கத்தைத் திறந்தாள். தப்பே இல்லாத அந்தத் தலைப்பு உச்சியில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'குறிப்புகளை எப்படி எழுதக் கூடாது: புதியவர்களுக்காக வேண்டுமென்றே பிழைகளோடு எழுதிய மாதிரிப் பக்கம்.'